கழற்றத் தெரிந்த ஊர்

கலங்கல் கிராமத்துப் பையன் ஒருவன், வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயம்புத்தூர் ஓட்டலில் சர்வராக நின்று காசு சேர்த்து, அதை 300 ரூபாய்க்கு வாங்கினான் என்பது கொங்கு நாட்டில் பலரும் கேட்டு வளர்ந்த கதை. எனக்குப் பிடித்த இடம் அதற்கு அடுத்து வருவது. வாங்கிய வண்டியை அவன் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினான், திரும்பப் பூட்டினான். அந்தப் பையன்தான் பின்னாளில் ஜி.டி.நாயுடு. 1920-ல் ஒரு பஸ்ஸை வாங்கி, டிரைவர் சீட்டில் தானே உட்கார்ந்து, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டினார். எங்கள் ஊரான பொள்ளாச்சியின் மோட்டார் வரலாறு இப்படிக் கழற்றத் தெரிந்த ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. அவருக்கு வேறு வழியும் இல்லை. 1920-ல் உடுமலை ரோட்டில் வண்டி நின்றுபோனால் யாரைப் போய்க் கூப்பிடுவது?

ஆரம்பத்தில் ஓட்டுகிறவன் வேறு, ரிப்பேர் பார்க்கிறவன் வேறு என்ற பிரிவே கிடையாது. 1931-ல் நாச்சிமுத்துக் கவுண்டரின் ஏபிடி பஸ் கம்பெனி வந்தது. பஸ் ஷெட்டில் எடுபிடியாகச் சேர்ந்து, கிரீஸ் துடைத்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, நாலைந்து வருஷத்தில் என்ஜின் இறக்கப் பழகியவர்கள் வெளியே வந்து பட்டறை போட்டார்கள். 1957-ல் நாச்சிமுத்து பாலிடெக்னிக் திறந்தபோது ஏட்டுப் படிப்பும் ஊருக்குள் வந்தது. பட்டறைக்காரர்கள் அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அதே காலத்தில்தான் மோட்டார் சைக்கிள்களும் வரத் தொடங்கின. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்து, திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. 1961-ல் மைசூரில் ஜாவா, 1962-ல் ராஜ்தூத். மூன்றும் மூன்று குணம். ஜாவாவில் கியர் லிவரும் கிக்கரும் ஒன்றே. உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கியர் லிவர் கிக்கராகிவிடும், தெரியாதவர் கிக்கரைத் தேடிக்கொண்டே நிற்பார். புல்லட்டுக்கு பிரேக் இடது கால், கியர் வலது கால். ராஜ்தூத் பால்காரருக்கும் வாத்தியாருக்கும் ஏற்ற, முகம் சுளிக்காத வண்டி. ஒன்றில் மட்டும் மூன்றுக்கும் வித்தியாசமில்லை: வைத்திருப்பவர் கொஞ்சமாவது கை வைக்கத் தெரிந்தவராக இருந்தாக வேண்டும்.

என்ன கை? பிளக் அடைத்துக்கொண்டால் கழற்றி, கரியை எமரி ஷீட்டில் தேய்த்து, பழைய ஹாக்சா பிளேடை விட்டு கேப் பார்த்து மாட்டுவது. காண்டாக்ட் பாயிண்ட் தேய்ந்திருந்தால் சமப்படுத்தி, சிகரெட் அட்டையின் கனத்துக்கு இடைவெளி வைப்பது. கார்ப்புரேட்டர் ஜெட்டில் தூசி சிக்கினால் வாயை வைத்து ஊதுவது. பெட்ரோல் ருசி நாக்கிலேயே ஒரு நாள் பூரா நிற்கும். கிளட்ச் கேபிள் அறுந்தால் கிளட்ச் இல்லாமலே கியர் போட்டு வீடு வந்து சேருவது. டூல் பாக்ஸில் ஒரு ஸ்பேர் பிளக், ஒரு கேபிள், கட்டுக்கம்பி கொஞ்சம், அழுக்குத் துணி ஒன்று. மழையில் பாயிண்டுக்குள் தண்ணீர் போய் வண்டி நின்றால் அந்தத் துணிதான் மெக்கானிக்.

இதெல்லாம் எந்த ஊரிலும் நடந்ததுதான். பொள்ளாச்சிக்காரனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பாடம் இருந்தது, மலையில். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் வண்டி திணறும் என்பது எல்லோருக்கும் தெரியும். இறக்கத்தில்தான் ஆபத்து என்பது ராஜ்தூத் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். அது டூ ஸ்ட்ரோக் வண்டி. பிஸ்டனுக்கு வேண்டிய ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போக வேண்டும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, கியரிலேயே இறங்கினால் சக்கரம் என்ஜினை இழுத்துச் சுற்றும். பெட்ரோல் போகாது, அது போகாததால் ஆயிலும் போகாது. அப்படியே நாலைந்து வளைவு இறங்கினால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும், பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும். பக்கத்தில் பள்ளத்தாக்கு. அதனால் பழைய ஆட்கள் அடிக்கடி கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்குவார்கள். குபுக்கென்று வெள்ளைப் புகை கிளம்பும், பின்னால் வருகிறவர் திட்டுவார், வண்டி பிழைத்துவிடும். யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட விஷயமில்லை இது. ஒரு தரம் சீஸ் ஆகி, லேத்தில் சிலிண்டர் போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் மாற்றிய ஒருவர் டீக்கடையில் அடுத்தவருக்குச் சொன்னது.

புல்லட்டின் டேப்பெட் செட்டிங் இன்னும் நுணுக்கம். விடிகாலையில், என்ஜின் முழுக்க ஆறிக் கிடக்கும்போது பார்ப்பார்கள். சிலிண்டருக்கு வலப்பக்கம் ஒரு சின்ன மூடி, ஒரே ஒரு நட்டு. அதைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடுகளின் அடிப்பாகம் தெரியும். கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி, இரண்டு வால்வும் மூடியிருக்கிற இடத்துக்குப் பிஸ்டனை மேலே கொண்டுவர வேண்டும். அப்புறம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். விரலால் திருப்பினால் ராடு தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் மட்டும் ஆடக் கூடாது. ஆடினால் லூஸ், ஓடும்போது டக் டக்கென்று தட்டும். சுழல மறுத்தால் டைட், சூடானதும் வால்வு சரியாக மூடாது, இழுவை போய்விடும். ஸ்பேனரை ஒரு மயிரிழை திருப்பி, மறுபடி விரல் வைத்து, மறுபடி திருப்பி. இதற்கு மீட்டர் கிடையாது. நல்ல கை உள்ளவர்கள் காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுவார்கள்.

இப்படிச் சொல்லும்போது அந்தக் காலத்தில் யாரும் மெக்கானிக்கிடமே போகவில்லை என்று தோன்றும். உண்மை அப்படியில்லை. எல்லோரும் போனார்கள், அடிக்கடி போனார்கள். போன விதம் வேறு. வியாழக்கிழமை சந்தைக்கு வருகிறவர் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு மாடு பார்க்கப் போவார், திரும்பி வந்து பெஞ்சில் உட்காருவார். வேலை அவர் கண்ணெதிரே நடக்கும். நடுவில் அவரே எழுந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார், என்ஜினைப் பிடித்துக்கொள்வார். பேச்சு இப்படிப் போகும்:

"ஏனுங்க, இந்தச் சத்தம் எப்ப இருந்து வருதுங்க?"

"நேத்து ஆனமலையில இருந்து வர்றப்பத்தானுங்க."

"மேடேறுறப்ப வருதுங்களா, சமத்துல போறப்ப வருதுங்களா?"

"ரேஸ் பண்ணினா இல்லீங்க. விட்டா வருது."

பாதி ரிப்பேர் இந்தப் பேச்சிலேயே முடிந்துவிடும். வண்டிக்காரர் காதால் கேட்டு வந்ததை மெக்கானிக் கையால் சரிபார்ப்பார். பெஞ்சில் உட்கார்ந்தவர் அடுத்த முறை அதைத் தானே செய்வார். முடியாவிட்டால் கழற்றிய சாமான்களைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார். மெக்கானிக் இரண்டு வசவு வைது சேர்த்துக் கொடுப்பார். சொந்தக் கையா, மெக்கானிக் கையா என்கிற கேள்வியே அந்தப் பெஞ்சில் எழவில்லை.

ஆனாலும் அந்தக் காலத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆட எனக்கு விருப்பமில்லை. ஆண்கள் ரிப்பேர் கற்றுக்கொண்டதற்குப் பெரிய காரணம் வண்டிகள் மோசமாக இருந்ததுதான். முகூர்த்தத்துக்குப் போகிற வேட்டியில் கிரீஸ் பட்டதும், ராத்திரி கோமங்கலம் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்ததும் இன்று வீரக்கதை, அன்று எரிச்சல். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பெஞ்சில் பெண்கள் உட்காரவில்லை. கிக்கரை உதைக்கவும் பிளக் கழற்றவும் தெரிந்தால்தான் வண்டி என்று இருந்த வரைக்கும் வண்டி ஆண்களுடையதாகவே இருந்தது. 1984-ல் பட்டன் ஸ்டார்ட்டோடு வந்த கைனடிக் ஹோண்டாவும், 90-களில் வந்த டிவிஎஸ் ஸ்கூட்டியும் அந்தக் கதவைத் திறந்தன. வாத்தியாரம்மா நெகமம் பள்ளிக்கூடத்துக்குத் தன் வண்டியில் போய்வர முடிந்தது என்றால், டூல் பாக்ஸைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனதும் அதற்கு ஒரு காரணம்.

திருப்பம் 1985-ல் வந்தது. ஹீரோ ஹோண்டா சிடி 100. நிரப்பு, மூடு, மறந்துவிடு என்று விளம்பரம். ஃபோர் ஸ்ட்ரோக், லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னது. பெட்ரோல் செலவு பாதியானதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். மறந்துவிடு என்று சொன்னது எதை என்று யாரும் கேட்கவில்லை. பெட்ரோல் பங்கை மட்டுமல்ல, என்ஜினையும் சேர்த்து மறக்கச் சொன்னார்கள். நாமும் சந்தோஷமாக மறந்தோம். அதே வருஷம் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது, மறக்க விரும்பாதவர்களுக்கு. ஒரே வருஷத்தில் இரண்டு வழியும் திறந்தன. ஊர் பெரும்பாலும் முதல் வழியில் போயிற்று. 1996-ல் ஆர்எக்ஸ் 100 நின்றது. மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனியும் அதே வருஷம் மூடப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பெரும்பாலும் அரசு விதிகள் தீர்மானித்தன. 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 புகை விதி. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் பிரேக். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6; கார்ப்புரேட்டரின் கதை பெரும்பாலும் அங்கே முடிந்தது. இப்போது பெட்ரோல் டேங்குக்குள்ளேயே ஒரு பம்ப். அது சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ள, இன்ஜெக்டர் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே தெளிக்கிறது. எவ்வளவு தெளிப்பது என்று இசியு என்கிற கருப்புப் பெட்டி கணக்குப் போடுகிறது. சைலென்சரில் ஒரு ஆக்சிஜன் சென்சார், காற்றின் அழுத்தத்தைப் பார்க்க இன்னொரு சென்சார். வால்பாறைக்கு ஏறினால் காற்று மெலிந்திருப்பதை அதுவே தெரிந்துகொண்டு பெட்ரோலைக் குறைக்கிறது. ஏர் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டியதில்லை. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோலை அடியோடு நிறுத்தவும் செய்கிறது. என்ஜின் ஆயில் தனியாக ஓடுவதால் ஒன்றும் ஆகாது. 40 வளைவையும் கவலையில்லாமல் இறங்கலாம்.

இதில் குறை சொல்ல ஏதுமில்லை. புகை குறைந்திருக்கிறது, வண்டி நிற்பதில்லை. நின்றால்தான் சிக்கல். பேட்டரி முழுக்கப் போய்விட்டால் தள்ளி ஸ்டார்ட் பண்ணும் பழைய வித்தை பல வண்டிகளில் பலிப்பதில்லை, ஏனென்றால் பம்புக்கும் இசியுவுக்கும் கரண்டு வேண்டும். பல மாடல்களில் கிக்கரே கிடையாது. மீட்டரில் மஞ்சள் நிறத்தில் ஒரு என்ஜின் படம் எரியும். ஏதோ தப்பு என்பதற்கு மேல் வண்டிக்காரருக்கு அது எதுவும் சொல்லாது. முழுச் சேதியும் ஸ்கேனர் வைத்திருப்பவருக்கு மட்டும்தான்.

அதனால் வண்டி சர்வீஸ் சென்டருக்குப் போகிறது. கோயம்புத்தூர் ரோட்டில் இருந்தாலும் பாலக்காடு ரோட்டில் இருந்தாலும் அமைப்பு ஒன்றுதான்: முன்னால் ஏசி, சோபா, காப்பி மெஷின். நடுவில் கண்ணாடி, அதில் 'வாடிக்கையாளர்கள் உள்ளே வரக் கூடாது'. கையில் டேப் வைத்திருக்கிற பையன் மரியாதையாகத்தான் கேட்கிறான், "வேற ஏதாவது கம்ப்ளெயிண்ட் இருக்குங்களா சார்?" மேடேறும்போது வரும் சத்தத்தை விளக்கமாகச் சொன்னால் அவன் 'சத்தம்' என்று ஒரு சொல் அடித்துக்கொள்கிறான். அவன் மேல் தப்பில்லை. அந்தக் கட்டத்தில் அவ்வளவுதான் இடம். அவன் என்ஜினைத் தொடப் போகிறவன் இல்லை, தொடப் போகிறவனை நாம் பார்க்கப் போவதும் இல்லை. சாயங்காலம் மெசேஜ் வரும், பில்லில் நமக்குப் புரியாத நாலு வரி இருக்கும்.

தெருமுனைப் பட்டறைக்காரர் நிலைமை இதைவிட மோசம். முன்பு வண்டிக்காரர் அவரை நம்பினார். இப்போது அவரே ஸ்கேனரை நம்ப வேண்டியிருக்கிறது. கம்பெனி ஸ்கேனர் அவருக்குக் கிடைக்காது. வெளியே விற்கிற பொது ஸ்கேனர் ஒரு கம்பெனி வண்டியைப் படிக்கும், இன்னொன்றில் முழிக்கும். 2023 ஏப்ரலிலிருந்து இருசக்கர வண்டிகளுக்கும், வண்டி தன் பழுதைத் தானே கண்டு குறித்துவைக்கிற ஓபிடி-2 விதி வந்திருக்கிறது. பழுதுக் குறியீடுகளில் ஓர் ஒழுங்கு வரும் என்ற நம்பிக்கையில் சிலர் கடன் வாங்கிக் கருவி வாங்குகிறார்கள். மற்றவர்கள் ஆயில் மாற்றுவது, செயின், பிரேக் ஷூ, பஞ்சர் என்று சுருங்கிவிட்டார்கள். வாரண்டி இருக்கிற வண்டி அவர்கள் வாசலுக்கு வருவதே இல்லை. வெளியாள் கை பட்டால் வாரண்டி போய்விடும் என்ற பயம் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது, பல கம்பெனிகளின் வாரண்டியோ 5 வருஷம் வரை நீள்கிறது.

இதே கதையைத் தோப்புக்காரர்கள் முன்பே ஒரு தரம் பார்த்துவிட்டார்கள். திறந்த கிணற்றில் மோட்டார் இருந்த காலத்தில் ஃபுட் வால்வில் இலை சிக்கினால் அவர்களே இறங்கி எடுப்பார்கள். ஆழ்குழாயில் சப்மெர்சிபிள் இறங்கியபிறகு, மோட்டார் நின்றால் தூக்குகிறவர்களுக்குப் போன் செய்துவிட்டு வரப்பில் காத்திருக்க வேண்டியதுதான்.

சொந்தக் கை இன்று அழிந்துவிட்டதா என்றால், இல்லை. இரண்டு இடத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

ஒன்று, ஆர்எக்ஸ் 100 பையன்கள். ஐ.டி. சம்பளம் வாங்குகிறவர்கள், லீவுக்கு ஊருக்கு வந்தால் கார் ஷெட்டில் பழைய ஆர்எக்ஸையோ யெஸ்டியையோ பிரித்துப் போட்டிருப்பார்கள். கையுறை, டார்க் ரெஞ்ச், தனி ஸ்டாண்டு, பக்கத்தில் யூடியூப் ஓடுகிற லேப்டாப். வேலை சுத்தமாகவே செய்கிறார்கள். பல பழைய மெக்கானிக்குகள் நட்டை மனம்போல் இறுக்கிய இடத்தில் இவர்கள் அளந்து இறுக்குகிறார்கள். ஆனால் அந்த வண்டி ஓடாவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. ஆபீசுக்குப் போக வேறு வண்டி நிற்கிறது. அப்பாவுக்குக் கட்டாயமாக இருந்தது மகனுக்குப் பொழுதுபோக்காகியிருக்கிறது.

இன்னொன்று, டிவிஎஸ் எக்ஸ்எல். 1980-ல் டிவிஎஸ் 50 என்று வந்தது, இரண்டு பேர் ஏறலாம் என்று சொல்லி வந்த முதல் இந்திய மொபெட். இரண்டு பேர் என்பதைப் பொள்ளாச்சிக்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின் சீட்டைக் கழற்றி, வெல்டிங் பட்டறையில் இரும்புக் கேரியர் அடித்து, இருபக்கமும் இளநீர்க் குலைகளைத் தொங்கவிட்டு, முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு சாக்கு. ஹேண்டில்பாரும் ஓட்டுகிறவரின் தலையும் மட்டும்தான் வெளியே தெரியும். இந்த வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. அதனால் பிரேக் ஷூ, கேபிள், செயின், ஸ்போக் எல்லாவற்றையும் தோப்பு ஓரத்திலேயே பார்த்துக்கொள்கிறார்கள். கியர் இல்லை, கிளட்ச் லிவர் இல்லை, மறைக்க மூடிகளும் அதிகம் இல்லை. கை போகாத இடமே கிடையாது. 2015-ல் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தபோதும் சமாளித்தார்கள். 2020-ல் அதற்கும் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. "பாக்கியெல்லாம் நானே பாத்துக்குவனுங்க, அந்தப் பொட்டிக்குத்தான் டவுனுக்குப் போகோணும்" என்கிறார் எங்கள் தோட்டத்துக்கு இளநீர் இறக்க வருகிறவர். பழைய எக்ஸ்எல் ஒன்றையும் அவர் விற்காமல் வைத்திருக்கிறார்.

அந்தப் பெட்டி யாருடையது என்பதுதான் இப்போதைய கேள்வி. 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததாகச் சொல்லி 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022-ல் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராயக் குழு போட்டு, அதே வருஷக் கடைசியில் அதற்கென ஒரு தளமும் தொடங்கியது. வாகனங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் பட்டறைக்காரருக்கு வேண்டியது சாதாரணமானது: காசு கொடுத்தால் கிடைக்கிற ஸ்கேனர், தமிழில் ஒரு சர்வீஸ் மேனுவல். இந்த இரண்டும் வந்தால் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் வேலை நடக்கும். ஏட்டுப் படிப்பும் பட்டறையும் இருக்கிற ஊர் இது, கற்றுக்கொள்ள ஆளுக்குப் பஞ்சமில்லை.

அதற்குள் அடுத்த அலை வந்துவிட்டது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கொங்கு நாட்டுக்குப் புதிதில்லை. ஆம்பியர் 2008-ல் கோயம்புத்தூரில் பிறந்த கம்பெனி, 2018-ல்தான் கிரீவ்ஸ் கம்பெனியின் கைக்குப் போனது. இந்த வண்டிகளில் பிளக் இல்லை, ஆயில் இல்லை, டேப்பெட் இல்லை. பழைய மெக்கானிக்குகள் பலர் இதைத் தொட மறுக்கிறார்கள். லித்தியம் பேட்டரி விளையாட்டுச் சாமானும் இல்லை, தப்பாகத் தொட்டால் தீப்பிடிக்கும். ஆனால் செல்போன் ரிப்பேரிலிருந்து வந்த இளைஞர்கள் சிலர், கையில் மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னுமாக, கன்ட்ரோலர் மாற்றுகிறார்கள், பேட்டரி பெட்டியைத் திறந்து செத்த செல்லைத் தேடுகிறார்கள். கம்பெனிக்காரர் பார்த்தால் வாரண்டி போச்சு என்பார். வாரண்டி முடிந்த வண்டிகள்தான் இவர்களிடம் வருகின்றன. வருஷம் போகப் போக அவை கூடத்தான் போகின்றன.